ஒரு பழைய ட்ரொலிக்கு வர்ணம் பூசினோம்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



கண்காட்சி மண்டப வாசலில் நிற்கும் நாலு சக்கர வண்டியைப் பற்றிப் பேசும்படி செயற்குழு எங்களைக் கேட்டது. காலையிலிருந்து பலர் அதை விறகு வண்டியா, பால் வண்டியா என்று கேட்டுவிட்டார்கள். அது ரயில் பாதை ட்ரொலி. அதற்கு வர்ணம் பூசியவர்கள் நாங்கள் ஐந்து பேர், ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருத்தி பேசினால் மற்ற நாலு பேரும் நடுவில் எழும்பித் திருத்துவார்கள் என்று தெரியும். அதனால் ஐந்து பேரும் சேர்ந்தே இதை எழுதினோம். இதில் ‘நான்’ என்று ஒருத்தி வரமாட்டாள். ஆறாவதாக ஒரு தோழி உண்டு. வேலையைச் சொல்லித் தந்தது அவள்தான். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

முதலில் ட்ரொலி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். இளைய தங்கைமார் அதைப் பார்த்திருக்க வழியில்லை. கொழும்பில் இருந்து இரத்தினபுரிக்கு ரயிலில் போனோம் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இப்போது ரயில் அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. ஆனால் களனிவெளிப் பாதை என்ற அந்தச் சின்னப் பாதை 1902இல் அவிசாவளைக்கு வந்தது. 1903இல் எட்டியாந்தோட்டைக்குப் போனது. 1912இல் இரத்தினபுரியைத் தொட்டது. 1919இல் ஓப்பநாயக்க வரை நீண்டது. இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையில் இரண்டரை அடிதான், அதாவது 762 மில்லிமீற்றர். கண்டிப் பாதையில் அதே இடைவெளி ஐந்தரை அடி. மலைச்சரிவிலும் ஆற்றோரத்திலும் வளைந்து வளைந்து போக வேண்டிய இடத்தில் சின்னப் பாதை செலவைக் குறைத்தது. தோட்டங்களில் இருந்து தேயிலைப் பெட்டியும் இறப்பரும் கீழே இறங்கின. தோட்டங்களுக்கு அரிசி மேலே ஏறியது.

எட்டியாந்தோட்டைப் பக்கத்துப் பாதை 1942லேயே மூடப்பட்டது. இரத்தினபுரிக்கும் ஓப்பநாயக்கவுக்கும் போன பாதை 1970களின் நடுவில் போயிற்று. அவிசாவளை வரை இருந்ததை 1990களில் அகலப் பாதையாக்கினார்கள். எங்களில் மூன்று பேர் பாவாடை சட்டையோடு அந்தக் கோச்சியில் ஏறியவர்கள். இரண்டு பேர் அது போவதைத் தேயிலை மலையில் நின்று பார்த்தவர்கள்.

கோச்சி ஓட வேண்டுமானால் பாதையை யாராவது தினமும் பார்க்க வேண்டும். மழையில் மண் சரிந்திருக்கும். சிலிப்பர் கட்டை உக்கியிருக்கும். ஆணி கழன்றிருக்கும். பாதையைப் பார்க்க வரும் அதிகாரி ட்ரொலியின் முன்பலகையில் உட்கார்ந்திருப்பார். பின்னால் நின்று ஆட்கள் தள்ளுவார்கள். தண்டவாளத்தின் மேலேயே வெறுங்காலோடு ஓடித் தள்ளுவார்கள். இறக்கம் வந்தால் பாய்ந்து ஏறிக்கொள்வார்கள். ஒருவர் பிரேக் கட்டையைப் பிடித்துக்கொள்வார். எதிரே ரயில் வரும் நேரமானால், வண்டியைத் தூக்கிப் பாதைக்கு வெளியே வைப்பார்கள். அதனால்தான் அது அவ்வளவு எளிமையானது. நாலு சக்கரம், இரண்டு அச்சு, மரத் தளம், ஒரு பலகை, ஒரு பிரேக், பின்னால் தள்ளுவதற்கு ஒரு கட்டை. பெரிய பாதை ட்ரொலியைவிட இது சின்னது, ஆனால் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்தும் அதைத் தூக்க முடியவில்லை.

இப்படி வண்டிகள் உலகம் முழுவதும் இருந்தன. வட அமெரிக்காவில் சின்ன எஞ்சின் பூட்டியவற்றை ‘ட்ராக் கார்’ என்கிறார்கள். கனடாவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி அவற்றின் படங்களை அனுப்பினாள். ரயில்வே கழித்துவிட்ட ட்ராக் கார்களை வாங்கி, பழுது பார்த்து, வர்ணம் பூசி, விடுமுறை நாட்களில் ஓட்டும் சங்கம் அங்கே இருக்கிறதாம். எங்கள் களனிவெளிப் பாதையிலும் 1920களில் சென்டினல் நிறுவனத்தின் நீராவி ரயில்கார்கள் ஓடின. அவற்றில் ஒன்று இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. கேகாலையைத் தாண்டி மலை ஏறினால் வரும் கடுகண்ணாவையில், இலங்கை ரயிலுக்கு 150 வயதானபோது, 2014 டிசம்பரில் ரயில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் அது.

எங்கள் ட்ரொலிக்கு அப்படி ஒரு வாழ்வு கிடைக்கவில்லை. தண்டவாளத்தைக் கழற்றிய காலத்தில் பழைய இரும்பு விலைக்குப் போனது. குருவிட்டப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில், நாலு பாகம் நீளத் தண்டவாளத் துண்டு போட்டு, புகைக்கூடத்துக்கு விறகு தள்ள அதை வைத்துக்கொண்டார்கள். புகைக்கூடம் மூடியதும் அது வெளியே வந்து மழையில் நின்றது. எங்களில் ஒருத்தியின் தாத்தா ட்ரொலி தள்ளியவர். லயத்துக்குப் போகும் வழியில் அதைக் காணும்போதெல்லாம் அவள் நின்று பார்ப்பாள். நூற்றாண்டுக் கண்காட்சிக்கு ‘நாம் பள்ளிக்கு வந்த வழி’ என்று ஒரு பகுதி வைக்கப்போகிறோம் என்று கேள்விப்பட்டதும் தோட்டத்துரையிடம் போய்க் கேட்டாள். கண்காட்சிக்கென்று தந்தார். தோட்டத்து லொறியிலேயே ஏற்றியும் அனுப்பினார். அவருக்கு நன்றி.

லொறி வந்து நின்ற இடம் எங்கள் தோழியின் பட்டறை. கொழும்பு வீதியில் டிங்கரிங், பெயின்டிங் செய்யும் சின்னக் கராஜ். கணவர் தொடங்கியது. அவர் போன பிறகு அவளே பிரஷைக் கையில் எடுத்தாள். முப்பது வருடத்துக்கு மேலாக வேன், ஜீப், லொறி என்று பூசிக்கொண்டிருக்கிறாள். பட்டறைத் தம்பிமார் அவளை ‘பாஸ் அக்கா’ என்பார்கள். பெயரைப் போடாதே என்று சொல்லிவிட்டாள், ஆகையால் நாங்களும் பாஸ் அக்கா என்றே சொல்கிறோம். வகுப்பில் எங்களுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவள்.

நாங்கள் முதல் சனிக்கிழமையே பிரஷும் பெயின்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டோம். அவள் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“பெயின்ட் அடிக்கிறது கடைசி வேலை புள்ளைகளா. மொதல்ல கழுவுங்க.”

முதல் நாள் முழுக்கக் கழுவினோம். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அச்சையும் சக்கரத்தையும் துடைத்து, பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். கிரீஸ் இருக்கும் இடத்தில் சேன்ட் பேப்பர் போட்டால் கிரீஸ் போகாது, இரும்பின் பள்ளங்களுக்குள் இன்னும் இறங்கும், பிறகு அதன்மேல் எந்தப் பெயின்டும் பிடிக்காது என்று சொன்னாள். கழுவும்போதே ஒவ்வொரு போல்ட்டுக்கும் நூலில் ஒரு சீட்டுக் கட்டி இலக்கம் போட்டோம். கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்தோம். எந்தப் போல்ட் எந்த ஓட்டை என்று நினைவில் இருக்கும் என்று எவரும் நம்பக் கூடாது, அறுபது வயதுக்காரிகள் நம்பவே கூடாது என்பது அவள் கட்டளை.

இரண்டாம் நாள் சுரண்டல். அதற்கு முன் ஒரு பாடம் நடத்தினாள். வீட்டில் பழைய கட்டிலையோ ஜன்னல் கம்பியையோ சுரண்ட நினைக்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். பழைய காலத்து இரும்பில் முதலில் பூசியது பெரும்பாலும் ஈயம் கலந்த சிவப்பு. மேல் பூச்சுகளிலும் ஈயம் இருக்கும. நம் நாட்டில் எனமல் பெயின்டில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு வந்தது 2013 ஜனவரியில்தான். ஆகவே பழைய பெயின்டைக் காய்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடக் கூடாது. நெருப்புக் காட்டி உரிக்கவும் கூடாது, புகையில் ஈயம் வரும். தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டினோம். முகமூடியும் கையுறையும் போட்டோம். கீழே தாள் விரித்து, சுரண்டியது எல்லாவற்றையும் சேர்த்து மூடியுள்ள தகரத்தில் அடைத்தோம். கான், கிணறு, ஓடைப் பக்கம் ஒரு துளி போகவில்லை. பேரப்பிள்ளைகள் பட்டறைப் பக்கமே வரக் கூடாது என்றாள். ஈயம் பெரியவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் அதிகம் கெடுக்கும். வீட்டுக்குப் போய் உடுப்பை வேறாகத் துவைத்துக் குளித்தோம்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுரண்டவும் அவள் விடவில்லை. முதலில் உள்ளங்கை அளவு இடத்தில், படி இறக்குவதுபோல, ஒரு பூச்சின் கீழ் அடுத்த பூச்சு தெரியும்படி சுரண்டிக் காட்டினாள். மேலே பச்சை. அது தோட்டத்தில் பூசியது. அதன் கீழ் மஞ்சள். அதன் கீழ் சாம்பல். எல்லாவற்றுக்கும் அடியில் மங்கிய சிவப்பு. “ஆகக் கீழே இருப்பதுதானே முதல் நிறம், அப்படியானால் சிவப்பு” என்று நாங்கள் சொன்னோம். அவள் சிரித்தாள்.

“சிவப்பு உள்பாவாடை. அதப் போட்டுக்கிட்டு யாரும் வெளிய வரமாட்டாங்க. சாம்பல்தான் சீலை.”

அடிப்பூச்சையும் நிறப்பூச்சையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர முடியாது. அந்தச் சாம்பலும் எந்தச் சாம்பல் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெயில் பட்ட இடத்தில் நிறம் வெளுத்திருக்கும். பிரேக் தாங்கும் இரும்புத் துண்டைக் கழற்றினோம். அதன் பின்னால், வெளிச்சமும் மழையும் படாத இடத்தில், பழைய நிறம் அப்படியே இருந்தது. வெள்ளை எனமலில் கறுப்பும் ஒரு துளி மஞ்சளும் கலந்து, தகரத் துண்டுகளில் பூசி, ஒரு இரவு காயவிட்டுப் பார்த்தோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். ஏழாவது தகரம் பொருந்தியது.

இங்கே ஒரு வழக்கு வந்தது. கண்காட்சிக்கு வைக்கும் வண்டி கல்லூரிக் கொடியின் நிறத்தில் இருந்தால் எவ்வளவு அழகு, பக்கத்தில் கல்லூரிச் சின்னத்தையும் போடலாம் என்று செயற்குழுவில் சிலர் ஆசைப்பட்டார்கள். எங்களிலும் இரண்டு பேருக்கு அந்த ஆசை இருந்தது. “நூறாவது வருடத்துக்குச் சாம்பலா?” என்று கேட்டார்கள். நல்ல மனதோடு கேட்ட கேள்விதான். பாஸ் அக்காவிடம் சொன்னோம். பூசித் தர எனக்குக் கஷ்டமில்லை, ஆனால் பிறகு அதைப் பார்த்து ‘இதைத்தான் தாத்தா தள்ளினார்’ என்று சொல்ல முடியாது, ‘இது ஸ்கூல் செய்த வண்டி’ என்றுதான் சொல்ல வேண்டும் என்றாள். அதற்குமேல் அந்த வழக்கு நடக்கவில்லை. கொடி நிறத்தில் ஒரு துணி விரித்து அதன்மேல் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். இரண்டு பக்கத்துக்கும் திருப்தி.

இனி இரத்தினபுரியில் இரும்புக்குப் பூச்சு வேலை செய்வதன் கஷ்டத்தைச் சொல்கிறோம். இங்கே வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே முதல் தென்மேற்குப் பருவக் காற்று. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடியோடு கொட்டும். மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் நிற்கும். காலையில் கம்பி பிரஷால் தேய்த்து வெள்ளியாக்கிய இரும்பு, மறுநாள் காலை தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் நிற்கும். அதனால் ஜனவரி, பெப்ரவரி சனிக்கிழமைகளைத் தேர்ந்தாள். அன்று தேய்த்ததுக்கு அன்றே முதல் பூச்சு என்பது சட்டம். ஒரு நாளில் பூசி முடிக்கக்கூடிய அளவு இரும்பைத்தான் தேய்க்க வேண்டும். பனி காய்ந்த பிறகு ஒன்பது மணிக்குத் தொடங்கி, பதினொன்றரைக்குப் பிரஷைக் கழுவிவிட வேண்டும். பின்னேர ஈரம் இறங்குவதற்குள் பூச்சின் மேல்தோல் இறுகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மினுக்கம் செத்து, பால் படிந்ததுபோல் ஆகிவிடும்.

முதல் பூச்சு துருத்தடுப்புப் பெயின்ட், கடையில் அன்டிகொரோசிவ் என்று கேட்டு வாங்குவது. பெரிய பரப்பில் தொடங்கப் போன எங்களைத் தடுத்து, ஓரங்களுக்கும் போல்ட் தலைகளுக்கும் மூலைகளுக்கும் முதலில் பூசச் சொன்னாள். கூரான ஓரத்தில் பெயின்ட் நிற்காமல் இரண்டு பக்கமும் விலகிவிடும், துரு எப்போதும் அங்கேதான் பிறக்கும். ஓரத்துக்கு ஒன்று, பிறகு முழுவதுக்கும் இரண்டு. தடிப்பாக ஒன்று பூசுவதைவிட மெல்லிதாக இரண்டு நல்லது. தடிப்புப் பூச்சு மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும், ஒரு வெயிலில் சுருங்கிவிடும். அதன்மேல் சாம்பல் எனமல் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வாரம். மறு சனிக்கிழமை மெல்லிய சேன்ட் பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, துடைத்து, அடுத்தது. பட்டறையில் ஸ்பிறே இருந்தும் பிரஷால்தான் பூசினோம். முன்பு பூசியவர்களும் பிரஷால்தான் பூசியிருந்தார்கள், அதன் கோடுகள் கீழ்ப் பூச்சில் தெரிந்தன.

எங்கே பூசக் கூடாது என்பதும் ஒரு பாடம். சக்கரம் தண்டவாளத்தில் படும் வட்டத்துக்குப் பெயின்ட் இல்லை. அச்சு சுழலும் இடத்துக்கு இல்லை, அங்கே கிரீஸ். பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடிக்கும் முகத்துக்கு இல்லை. உரசும் இடத்துக்கெல்லாம் பெயின்ட் ஒரு நாள் வேடம்தான் என்றாள்.

மரத் தளத்தில் ஒரு பலகை முழுக்க உக்கியிருந்தது. பழைய பலகைகள் தேக்கு. புதிதாக ஒரு தேக்குப் பலகை வாங்கி அதே அகலத்தில் சீவிப் பூட்டினோம். சாயம் ஏற்றிப் பழையதுபோல் ஆக்கிவிடலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றாள். பலகையின் அடியில் வருடத்தை எழுதி, ‘இது புதியது’ என்று எழுதச் சொன்னாள். நாளைக்கு இதைக் கழற்றுகிறவன் நம்மால் ஏமாறக் கூடாது என்பது அவள் நியாயம். பெரிய அருங்காட்சியகங்களில் பழைய பொருளைப் பேணுகிறவர்களும் இதே முறையைத்தான் கைக்கொள்கிறார்கள். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. விற்கிற வாகனத்தின் ஓட்டையைப் பட்டியால் மறைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களை முப்பது வருடமாகத் திருப்பி அனுப்பியவள், தானாகவே அந்த இடத்துக்கு வந்துசேர்ந்திருக்கிறாள்.

இனி அந்தத் தள்ளு கட்டை. மண்டபத்துக்குப் போகிறவர்கள் பின்பக்கம் போய் அதைக் கட்டாயம் பாருங்கள். கட்டையின் மேல் விளிம்பில் நாலு பள்ளம் இருக்கிறது. இடது பக்கம் இரண்டு, வலது பக்கம் இரண்டு. இரண்டு ஆட்கள் இரண்டு கைகளாலும் வருடக்கணக்காகத் தள்ளிய இடம். வலது பக்கத்துப் பள்ளங்கள் ஆழம் கூட. எங்கள் கையை வைத்துப் பார்த்தோம். பெருவிரல் எங்கே, உள்ளங்கை எங்கே என்று மரமே காட்டியது. தாத்தா ட்ரொலி தள்ளினார் என்று சொன்ன எங்கள் தோழி கையை எடுக்க நேரமாயிற்று. அவர் தள்ளியது இதே வண்டி என்று யாரும் சொல்லவில்லை. தள்ளியவர்கள் எல்லோருக்கும் கை ஒன்றுதான்.

இரும்புச் சட்டத்தில் துரு அரித்த குழிகளுக்கெல்லாம் நாங்கள் பட்டி போட்டுத் தேய்த்துச் சமப்படுத்தியிருந்தோம். அந்த உற்சாகத்தில் ஒருத்தி பட்டித் தகட்டோடு கட்டைக்கும் வந்தாள். பாஸ் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“துரு தின்ன எடத்துக்குப் பட்டி போடலாம். கை தின்ன எடத்துக்குப் போடக் கூடாது புள்ள.”

அந்தக் கட்டைக்குப் பெயின்டும் பூசவில்லை. ஊத்தையைத் துடைத்து, லின்சீட் எண்ணெய் மெல்லிதாகத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டோம். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று அவற்றை விரித்துக் காயப்போட வைத்தாள். வண்டி முழுவதும் புதிதாக மினுங்க, அந்த ஒரு கட்டை மட்டும் வயதோடு நிற்கிறது. அதுதான் அந்த வண்டியின் முகம் என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது.

சகோதரிகளே, எட்டுச் சனிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து தேய்த்தால் வாய் சும்மா இருக்காது. வகுப்பில் யார் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொரு வாங்காக நினைவுபடுத்தினோம். 1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியா போக வேண்டும் என்று எழுதினார்கள். அந்த எண்ணுக்குள் எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு தவணை இருந்து மறு தவணை இல்லாமல் போனார்கள். தலைமன்னார்க் கப்பல் ஏறி, சிலர் நீலகிரிக்கும் கூடலூருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். 1977 ஓகஸ்டில் சபரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது சிலர் வவுனியாப் பக்கம் போனார்கள். 1981 ஓகஸ்டில் இன்னும் சிலர் போனார்கள். பள்ளிக்குச் சொல்லிவிட்டுப் போக அவர்களுக்கு நேரம் இருக்கவில்லை. விடுகைப் பத்திரம் கேட்க யாரும் திரும்பி வரவில்லை.

பாஸ் அக்கா எங்கும் போகவில்லை. ஆனால் 1977க்குப் பிறகு அப்பாவுக்கு வேலை இல்லை. ஒன்பதாம் வகுப்போடு அவள் நின்றாள். எங்கள் சங்கத்தின் அங்கத்துவப் படிவத்தில் வெளியேறிய வருடமும் பரீட்சைச் சுட்டெண்ணும் கேட்டிருக்கிறது. அந்தப் படிவத்தை இந்த வேலை முடிந்த நாளில் அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். “எனக்கு எழுத ஒண்ணும் இல்லையே” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எங்களுக்கு வலித்தது. இன்று மேடைக்கு வரச் சொன்னோம், வரவில்லை. மண்டபத்தின் பின்வரிசையில் இருக்கிறாள். திரும்பிப் பார்க்காதீர்கள், எழும்பிப் போய்விடுவாள்.

ஆகவே வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு நாங்கள் ஐந்து பேரும் ஒரு பிரேரணை கொடுத்திருக்கிறோம். நம் கல்லூரியில் ஒரு தவணையாவது வகுப்பில் இருந்த எந்தப் பிள்ளையும் பழைய மாணவியே. சேர்வு இடாப்பில் பெயர் இருந்தால் போதும், சுட்டெண் வேண்டாம். இடாப்புத் தொலைந்த வருடங்களுக்கு, கூடப் படித்த இரண்டு பேர் சொன்னால் போதும். விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்கிறார்கள். அது கிடைக்குமா என்று இன்று சொல்ல முடியாது. எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. பரீட்சை எழுதி வெளியேறியவர்கள் பாடுபட்டுக் கட்டிய சங்கம் இது. அவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான். நடுவில் நின்றுபோன பிள்ளைகள் நம் வரலாற்றில் துரு அரித்த குழிகள் என்று நினைத்து நூறாவது வருட மலரில் மழுப்பிவிட வேண்டாம். அவர்களும் கைவைத்துத் தள்ளியவர்கள்.

வெளியூரில் இருக்கும் தோழியருக்கு ஒரு வேண்டுகோள். கூடலூரிலோ, கோத்தகிரியிலோ, திருச்சியிலோ, வவுனியாவிலோ, லண்டனிலோ, ரொறொன்ரோவிலோ, இந்த மலர் உங்கள் கையில் கிடைத்தால், உங்கள் வாங்கில் இருந்து பாதியில் போன ஒருத்தியின் பெயரைச் சங்கத்துக்கு எழுதுங்கள். எந்த வகுப்பு, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று தெரிந்ததை எழுதுங்கள். அவளே வாசிப்பவளானால் இன்னும் நல்லது. ஊட்டி மலை ரயிலைத் தினமும் பார்க்கிற தோழியருக்கு ஒரு சின்ன வேலை வைத்திருக்கிறோம். அங்கே பழைய ட்ரொலி எதையாவது கண்டால் தள்ளு கட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள், பள்ளம் இருக்கிறதா என்று.

ட்ரொலியைக் கண்காட்சிக்குப் பிறகு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கல்லூரி முன்மண்டபத்தில், கூரைக்குக் கீழே, நிலத்தில் படாமல் இரண்டு தண்டவாளத் துண்டில் நிற்கட்டும் என்று அதிபரைக் கேட்டிருக்கிறோம். தோட்டத்துரையும் சம்மதித்திருக்கிறார். வெயில் மழை படாவிட்டால் இந்தப் பூச்சு பல வருடம் நிற்கும். வருடத்துக்கு ஒருமுறை அச்சுக்குக் கிரீஸ், கட்டைக்கு எண்ணெய். ஓரங்களில் துருப் பொட்டு கண்டால் அந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூச வேண்டும். பொருந்திய சாம்பலைக் கலந்த அளவு ஒரு தாளில் எழுதி, ஏழாவது தகரத்தோடு சேர்த்து, அதிபர் காரியாலயத்தில் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் தள்ளு கட்டையில் கை வைத்துப் பார்க்கட்டும், அதைக் கயிறு கட்டித் தடுக்க வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறோம்.

 பின்வரிசையில் இருக்கும் எங்கள் தோழிக்கு நன்றி சொன்னால் அவள் ஏசுவாள். அதனால் அவளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம். புள்ள, படிவத்தை மாற்றி எழுதக் கேட்டிருக்கிறோம். மாற்றியதும் கொண்டுவருகிறோம். அதில் நீ எழுத நிறைய இருக்கும்.